தொட்ட புள்ளியும் மாறிய புள்ளியும்

என்னைச் சந்தேகப் பிராணி என்று உங்கள் வரைபடக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். மறுக்க மாட்டேன். போன கிழமை நீங்கள் செய்து முடித்த வாவி வரைபடத்தைக் காட்டக் கூப்பிட்டீர்கள். உங்களில் ஒரு தங்கச்சி திரையில் விரலை வைத்து ஒரு புள்ளியை இழுத்து விட்டதும் அது பச்சையாக மாறியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பாராட்டாமல், அது பச்சையானது சேமித்த பிறகா, சேமிக்க முதலா என்று கேட்டேன். வயசுபோன மனுசன் குற்றம் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தருகிற பகுதி மிகக் குறைவு.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்த காலத்தில், திரையில் உள்ள படத்தை மனிதன் தொட்டால் கொம்பியூட்டர் அதற்குப் பதில் சொல்லும் என்பதே ஆராய்ச்சிக்குரிய விஷயம். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் எட்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கற்றை ஓடி ஓடிக் கோடு கோடாகப் படம் வரையும். அதைத் தொடுவதற்கு ஒளிப்பேனை என்று ஒன்று இருந்தது. நுனியில் வெளிச்சத்தை உணரும் சிறு கண், பின்னால் தடித்த வயர். பேனையைத் திரையில் வைத்தால், எந்தக் கோடு வரையப்படும்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று பொறி கண்டுபிடிக்கும். அன்றைக்கு அது மந்திரம் மாதிரி.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். நான் முதன்முதலாக ஒரு கம்பிப் பெட்டியின் படத்தைத் திரையில் சுழல வைத்த அன்று அவரைக் கூட்டிவந்து காட்டினேன். எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேட்டார். இடப் பக்கம் என்றேன். கண்ணை மூடித் திறந்து திரும்பப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், வலப் பக்கம் சுழன்றது. படத்தில் ஒன்றும் மாறவில்லை. முன்னுக்கு இருப்பது எந்தப் பக்கம் என்று படம் எனக்குச் சொல்லவே இல்லை. நானாகவே முடிவு செய்திருந்தேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு விளங்கிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த ஆய்வுகூடம் புதுப் பொறி வாங்கியது. பழையதை எங்கள் மாவட்டத்தில் நடந்த வாவித் திட்டம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அதை இயக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், அதனால் பொறியோடு நானும் ஊர் திரும்பினேன். ஆரையம்பதியில் என் வீடு. வாவிக் கரையில் ஒரு பழைய கட்டடத்தில் கந்தோர். வேலை இதுதான்: வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் இருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்தும் பெரிய மிதவை ஒன்று வரப்போகிறது. எங்கட ஆக்கள் அதைப் ‘பாதை’ என்றுதான் சொல்வார்கள். அது தரை தட்டாமல் போக வாவியின் ஆழத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து, திரையில் வரைபடமாக்கி, வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து இறங்குதுறைக்கு இரண்டு இடம் பேச்சில் இருந்தது. ஒன்று எங்கள் தமிழ் ஊரான ஆரையம்பதிப் பக்கம், மற்றது பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பக்கம். துறை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கடைகள் வரும், பஸ் வரும். இரண்டு ஊருக்கும் நடுவே அப்போது நல்ல காலம் இல்லை. அதை விரித்துச் சொல்லப் போவதில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்ன செய்கிறான் என்று எல்லோரும் ஒரு கண் வைத்திருந்த நாட்கள் என்றால் போதும்.

புள்ளிகளைப் பதிகிற வேலைக்குக் காத்தான்குடியில் இருந்து ரஹீம் என்றொருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். முன்பு நெசவுக்கூடங்களுக்குக் கட்டம் போட்ட தாளில் கரை டிசைன் வரைந்து கொடுத்தவர். ஒரு கட்டம் பிசகினால் முழுச் சீலையும் பிசகும் என்பது அவருக்குப் பழக்கமான விஷயம், ஆகவே நான்தான் அவரைத் தெரிவு செய்தேன். படகில் போகிறவர்கள் கம்பு ஊன்றி ஆழம் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். ரஹீம் அந்தத் தாளைப் பார்த்து, திரையில் உள்ள புள்ளியைப் பேனையால் தொட்டு, ஆழத்தைத் தட்டுவார். திரும்ப அளந்த தாள் வந்தால் பழைய எண்ணைத் திருத்துவார். நிரல் முழுக்க நான் எழுதியது. கந்தோரைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் மட்டும். காலையில் முதல் நாளைய பதிவைப் பொறிக்குள் ஏற்றுவதும் நான்.

ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பழைய தாள்களோடு பொறியில் இருந்ததை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காத்தான்குடிப் பக்கத்து வழியில் ஒரு மண்திட்டு இருக்கிறது. அதன்மேல் இருந்த 211ஆம் புள்ளியை அளந்தவர்கள் மூன்று அடி என்று எழுதியிருந்தார்கள். பொறியில் ஒன்பது அடி என்று இருந்தது. திரும்ப அளந்த தாள்கள் எல்லாவற்றையும் புரட்டினேன். 211ஐத் திருத்தச் சொல்லி எந்தத் தாளிலும் இல்லை.

மூன்று அடி என்றால் அந்தப் பக்கம் வழி இல்லை, துறை எங்கள் ஊருக்கு வரும். ஒன்பது அடி என்றால் அவருடைய ஊருக்கு. பேனையைப் பிடிக்கிற கை அவருடையது ஒன்றுதான். ரஹீமின் மச்சான் ஒருவர் வாவியில் இறால் வாங்கி விற்கிறவர், துறை வந்தால் அவருக்கு வசதி என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். இதெல்லாம் என் தலைக்குள் ஒன்றோடொன்று பொருந்த ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

திட்டத்தின் பணிப்பாளர் வெளிமாவட்டத்துக்காரர். அவருடைய அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, தனக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தது என்றார். திங்கட்கிழமை கொழும்பில் இருந்து அதிகாரிகள் வருகிறார்கள், வரைபடத்தைப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே வழிநெடுக அடையாளக் கம்பு நட இரண்டு படகு ஏற்பாடாகிவிட்டது, அதற்கு முன்பே ரஹீமை வேலையிலிருந்து அனுப்பிவிடுவோம் என்றார். கையும் களவுமாகப் பிடித்தால் பிறகு பேச்சு வராது என்று நான் சொன்னேன். திங்கள் வரை பொறுக்கச் சம்மதித்தார்.

மதியம் ரஹீம் ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அந்த நேரத்தைத்தான் நான் பயன்படுத்தினேன். 211ஐ நேரடியாக நினைவகத்திலேயே திரும்ப மூன்று அடியாக்கினேன். பிறகு, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்துக்கொள்கிற சிறு நிரல் ஒன்றை எழுதிப் புகுத்தினேன். எத்தனை மணிக்கு, எந்தப் புள்ளி, பழைய எண் என்ன, புதிய எண் என்ன. அவர் திரும்பி வந்து, சாப்பிட்டீர்களா சேர் என்று கேட்டார். ஓம் என்றேன். சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ரஹீம் போன பிறகு பதிவை அச்சடித்தேன். பதினான்கு திருத்தம். ஆறாவது வரியில் இருந்தது: பத்து இருபதுக்கு, 211, மூன்று ஒன்பதாக்கப்பட்டது.

அந்தத் தாளைக் கையில் பிடித்திருந்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, சந்தோசம். அதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் நினைத்தது சரி என்கிற சந்தோசம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்ன சொல்லி அவரை வெளியேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றப் பதின்மூன்று வரியைப் பற்றி ஒரு தரமும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவரைக் கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்தேன். ஆறாவது வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். ரஹீம் முதல் வரியில் இருந்து வாசித்தார். அவசரப்படவில்லை. முகத்தில் பயமும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாசித்து முடித்ததும் தன்னுடைய பையைத் திறந்து, கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுத்து, சனிக்கிழமைப் பக்கத்தை விரித்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவருடைய சின்ன எழுத்தில் பதினான்கு வரி. நேரம், புள்ளி, எண். பத்து இருபதுக்கு நேராக 212 என்று இருந்தது. 212, ஆறு ஒன்பதாகத் திருத்தியது. திரும்ப அளந்த தாளின் இலக்கமும் பக்கத்தில். மற்ற வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தேன். நேரம் எல்லாம் ஒன்றே. புது எண்ணும் ஒன்றே. புள்ளி மட்டும் ஒவ்வொன்றிலும் பக்கத்துப் புள்ளி.

"இந்த 212ஐ நான் நாலு தரம் திருத்திட்டன் சேர்," என்றார். "பின்னேரம் ஒன்பது எண்டு பாத்துட்டுப் போவன். காலையில வந்தா ஆறு. கந்தோர்த் துறப்பு உங்களிட்டதானே இரிக்கி. உங்கட ஊருக்குத் துறை வரட்டும் எண்டு நீங்கதான் மாத்துறீங்க எண்டு நினைச்சன். அதான் மூணு கிழமையா எழுதி வைக்கிறன்."

நான் அவரைப் பிடிக்கக் கண்ணி வைத்தது மூன்று நாளைக்கு முன்பு. அவர் என்னைப் பிடிக்கக் கொப்பி வைத்து மூன்று கிழமை. ஒரே அறையில் எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு பேரும் இதைச் செய்திருக்கிறோம்.

எழுந்து பொறியடிக்குப் போனோம். வாவி முழுவதும் தெரியும்படி படத்தை வைத்து, பேனையை அவரிடம் கொடுத்து, 212ஐத் தொட்டு எட்டு என்று தட்டச் சொன்னேன். தட்டினார். திரையில் 212க்குப் பக்கத்தில் எட்டு என்று வந்தது. நினைவகத்தில் இருப்பதை அச்சடித்தேன். 212 ஆறு. 211 எட்டு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த இரண்டு பிழையையும் எழுதியது என் கைதான். முழு வாவியையும் காட்டும்போது அருகருகே உள்ள புள்ளிகள் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். மேலே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். பேனை தொட்டதும் என் நிரல், பட்டியலில் முதலாவதாக இருப்பதை, அதாவது அடியில் மறைந்திருப்பதை எடுத்துக்கொள்ளும். நான் சோதித்ததெல்லாம் படத்தைப் பெருப்பித்து வைத்துத்தான், அதனால் எனக்கு ஒருபோதும் பிழைக்கவில்லை. பெருப்பிக்க நேரம் எடுக்கும், முழுப் படத்திலேயே வேலை செய்யுங்கள் என்று ரஹீமுக்குச் சொன்னவனும் நான்.

இரண்டாவது பிழை இன்னும் மோசம். பொறி மெதுவானது. தட்டிய எண் உடனே தெரிந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக, அது நினைவகத்தில் எங்கே போனது என்று பாராமல், தொட்ட இடத்திலேயே திரையில் எழுதிக் காட்டும்படி செய்திருந்தேன். மனிதன் என்ன நினைத்தானோ அதையே திரை அவனுக்குத் திருப்பிச் சொன்னது. காலையில் நான் பதிவை ஏற்றும்போதுதான் உண்மை வெளியே வரும். என் கள்ளப் பதிவும் இதே நிரலிடம் கேட்டுத்தான் எழுதியது. அதனால் அதுவும் அவருடைய கை தொட்டதைச் சொல்லாமல், நிரல் எடுத்ததைச் சொல்லி என்னிடம் சாட்சி கூறியது.

கவனமில்லாத ஆளாக இருந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது. அவர் அக்கறையாகத் திரும்பத் திரும்பத் திருத்தத் திருத்தத்தான் வரைபடம் கெட்டது.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பணிப்பாளரை ஒதுக்கமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தார். பிறகு, பதினான்கு புள்ளிதானே, இப்போதே சரி செய்துவிட்டுக் காட்டுங்கள், வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை என்றார்.

அது கெட்ட யோசனையாக அந்த நேரத்தில் தோன்றவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பதினான்கையும் பத்து நிமிடத்தில் திருத்தியிருப்பேன். படம் அழகாக இருந்திருக்கும். ஆனால் பதினான்கு என்பது ஒரு சனிக்கிழமையின் கணக்கு. கொப்பி மூன்று கிழமைக்குத்தான் இருந்தது. அதற்கு முன்னால் நான்கு மாதம் அவர் திருத்தியிருக்கிறார். அங்கே எத்தனை புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பின்னேரம் கம்பு நட்டுவிடுவார்கள். மறுகா ஒருநாள் பஸ்ஸும் சனமுமாகப் பாதை அந்த வழியால் வரும்.

வந்தவர்கள் மூன்று பேர். திரையைச் சுற்றிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் படத்தைக் காட்டாமல், இந்த வரைபடத்தை நம்ப ஏலாது, பிழை என்னுடையது, திரும்ப அளக்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவர் எவ்வளவு பகுதி பிழை என்று கேட்டார். எவ்வளவு என்று தெரியாததுதான் பிரச்சினை என்றேன். அவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுப் போனார்கள். படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன.

அடுத்த நாள் ஒரு அறிக்கை என் மேசைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டியது. காரணம் என்ற இடத்தில், இயக்குபவரின் கவனக்குறைவு என்று தட்டச்சு செய்திருந்தது. இயக்குபவர் என்றால் ரஹீம். உடனே கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் பொய். ஒரு முழுநாள் அதை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். வெளிநாட்டில் எட்டு வருடம் இருந்து வந்தவனின் பெயர் கெட்டால் பொறியையும் திட்டத்தையும் சேர்த்து மூடிவிடுவார்கள், அதில் ரஹீமின் வேலையும்தானே போகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நல்ல நியாயமாகத்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றுகிற நியாயம் எல்லாம் ஏன் இவ்வளவு நன்றாக அமைகிறது என்ற சந்தேகம் வந்த பிறகுதான் அந்த வரியை வெட்டி, நிரலில் பிழை, எழுதியவர் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கட்ட வேலைக்கு வேறொருவரைத் தலைவராகப் போட்டார்கள். அவருக்குக் கீழே இரண்டு வருடம் இருந்தேன்.

நிரலைத் திருத்தும்போது ரஹீம் பக்கத்தில் இருந்தார். தொட்ட புள்ளி முதலில் மினுங்க வேண்டும், அதன் இலக்கத்தைச் சொல்ல வேண்டும், எண் நினைவகத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரிய வேண்டும் என்றார். மெதுவாகிவிடும் என்றேன். மெதுவாகட்டும் சேர் என்றார். அப்படியே செய்தோம்.

அளப்பதை முதலில் இருந்து தொடங்கினோம். மண்திட்டுக்கு நாங்கள் இருவருமே படகில் போனோம். கம்பை ஊன்றியவர் மூன்று அடி என்றார். அதையும் நம்பாமல் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் தொடை வரைக்கும்தான். என் வரைபடம் ஒன்பது அடி என்று சொன்ன இடத்தில், சுற்றிவர வாவி விரிந்து கிடக்க, நான் நின்றுகொண்டிருந்தேன். பனிச்சங்கேணியில் இருந்து வந்த படகுக்காரர் இதில் என்ன அதிசயம் என்று விளங்காமல் பார்த்தார். ரஹீம் சிரிக்கவில்லை. எண்ணை எழுதிக்கொண்டார்.

கடைசியில் துறை எங்கள் ஊருக்கும் வரவில்லை, அவருடைய ஊருக்கும் போகவில்லை. மேலிடத்தில் யாரோ வேறொரு இடத்தைத் தீர்மானித்தார்கள். எதை வைத்து என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது திரையைச் சந்தேகப்படுங்கள் என்பது மட்டுமல்ல. அதை நீங்கள் எப்படியும் பழகிக்கொள்வீர்கள். சந்தேகம் வந்ததும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். என்னுடையது 211ஆம் புள்ளியில் இருந்து நேரே ஒரு மனிதனிடம் ஓடியது. நடுவில் இருந்த என் நிரலைத் தாண்டித்தான் ஓடியது. பக்கத்துப் புள்ளியைப் பார்த்திருந்தால் 212 திருந்தாமல் கிடப்பது வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம் வந்தவனுக்குப் பக்கத்துப் புள்ளி தெரிவதில்லை.

ரஹீம் அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு வேலை செய்தார். வளைகுடாவில் ஒரு வரைபடக் கந்தோரில் இடம் கிடைத்துப் புறப்படுகிற கிழமை, சொல்லிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தார். அந்தத் திங்கட்கிழமைக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"நானும்தானே உங்களக் கள்ளன் எண்டு நினைச்சன் சேர். அது சரி. ஒண்டு மட்டும் கேக்கட்டா? அந்தக் கதிரையில உங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் இருந்திருந்தா, முதல்ல அவனக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீங்களா, இல்லாட்டி ஜும்ஆவுக்குப் போற நேரம் பாத்துக் கண்ணி வெச்சிருப்பீங்களா?"

கூப்பிட்டுக் கேட்டிருப்பேன் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் சேர். எங்கட ஆளா இருந்தா கேட்டிருப்பன்," என்று சொல்லி, என் கையைப் பிடித்துவிட்டு எழுந்தார். வாசல் கேற் வரைக்கும் கூடப் போனேன். பஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றோம்.